கப்பலுக்கு ஓராண்டு, படகுக்கு ஏழாண்டு

(தியாகதுருகத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம்)



கடலில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு அரசு தரும் இழப்பீடு பற்றிப் பேசுகிறேன் என்று நான் எழுதியனுப்பியதும், கடலே இல்லாத ஊரில் இந்தத் தலைப்பு எதற்கு என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம் நிர்வாகம் சார்ந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரை நாம் விழுப்புரம் மாவட்டத்தவர்கள். மரக்காணத்துக் குப்பங்களும் அதே மாவட்டம். கல்வராயன் மலையில் சாதிச் சான்றிதழ் கிடைக்காதவரும், மரக்காணத்தில் கடலுக்குப் போன கணவன் திரும்பாதவரும் ஒரே ஆட்சியர் அலுவலக வராந்தாவில் மனுவோடு நின்றிருக்கிறார்கள். இரண்டாவது காரணம், இழப்பீடு என்றால் என்ன என்பதை 2024 ஜூன் மாதத்துக்குப் பிறகு இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி கருணாபுரத்துச் சாராயச் சாவுகள் அதைக் கற்பித்துவிட்டன.

இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றே. இழப்பீடு என்றதும் எத்தனை லட்சம் என்று கேட்கிறோம். செய்தித்தாளும் அதைத்தான் தலைப்பாக்குகிறது. கடலில் தொலைந்தவரின் குடும்பத்துக்கு அதற்கும் முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: அவர் இறந்துவிட்டார் என்று அரசு எந்த நாளில் ஒப்புக்கொள்ளும்? அந்த நாளை அருகில் கொண்டுவரச் சட்டத்துக்கு வழி தெரியும். சரக்குக்காகவும் கப்பலுக்காகவும் பெரும் பேரிடருக்காகவும் கொண்டுவந்திருக்கிறது. ஒற்றைப் படகில் போனவருக்குத்தான் இன்னும் கொண்டுவரவில்லை. இதைச் சில கூறுகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. உடல் கிடைத்தால் ஒரு பாதை, கிடைக்காவிட்டால் வேறு பாதை

கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 65க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மருத்துவமனையில் உயிர் பிரிந்தது, பிரேதப் பரிசோதனை நடந்தது, இறப்பு பதிவானது. சில நாட்களுக்குள் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வந்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு வைப்புத்தொகையும் மாத உதவியும் அறிவிக்கப்பட்டன. அந்தத் தொகை தகுமா என்று ஊரெங்கும் வாதம் நடந்தது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. பணம் அவ்வளவு விரைவாக வந்ததற்கு அடிப்படை என்ன என்று மட்டும் பாருங்கள்: உடல் இருந்தது, உடல் இருந்ததால் காகிதம் இருந்தது.

கடலில் உடல் கிடைக்காதபோது இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே அறுந்துபோகிறது. காவல் நிலையத்தில் 'காணவில்லை' என்று வழக்குப் பதிவாகிறது. இறப்புச் சான்றிதழ் இல்லை என்பதால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்க முடியாது. வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் வங்கிக் கணக்கைத் தொட முடியாது. விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால், கணவர் இறந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். பிரதமரின் மீன்வளத் திட்டத்தின் கீழ் உள்ள குழு விபத்துக் காப்பீட்டில் மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய் உண்டு. அதற்கும் மரணம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். படகுக் கடனுக்கு மட்டும் எந்தச் சான்றிதழும் வேண்டாம். வட்டி அந்த மாதமே ஏறத் தொடங்கிவிடும்.

இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவரின் குடும்பத்துக்கு நாள்தோறும் இவ்வளவு என்று தமிழக அரசு உதவித்தொகை தருகிறது. 250 ரூபாயாக இருந்தது பிறகு உயர்த்தப்பட்டது. சம்பாதிப்பவர் வீட்டில் இல்லாத ஒவ்வொரு நாளும் ஒரு இழப்பு என்பதை அரசு அங்கே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்த அளவுகோலை நினைவில் வையுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

2. ஏழு ஆண்டு எங்கிருந்து வந்தது?

ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகளாக, கேள்விப்பட வேண்டியவர்கள் எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் இதுவே 111ஆம் பிரிவு. சட்டத்தின் பெயர் மாறியது, எண் மாறியது, ஏழு மாறவில்லை.

இந்த ஏழின் பூர்வீகம் இங்கிலாந்து. 1666இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 'இன்னார் உயிரோடு இருக்கும் வரை' என்ற நிபந்தனையோடு நிலத்தைக் குத்தகைக்கு விடும் வழக்கம் அந்நாட்டில் இருந்தது. அந்த இன்னார் கப்பலேறிப் போய்விடுவார். அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் நிலம் குத்தகைதாரரிடமே கிடக்கும். கடல் கடந்து போனவர் ஏழு ஆண்டுகளாக உயிரோடிருப்பதற்குச் சான்று இல்லையென்றால் இறந்தவராகக் கொள்ளலாம், நிலத்தின் உரிமையாளர் தம் நிலத்தைக் கேட்கலாம் என்று அந்தச் சட்டம் வழிசெய்தது. பாய்மரக் கப்பல் காலம் அது. ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஓராண்டு ஆகலாம். அந்த உலகத்தில் ஏழு ஆண்டு பொருத்தமான கணக்கு.

ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் இந்தியாவுக்குச் சாட்சியச் சட்டம் வரைந்தபோது அந்தக் கணக்கும் கூடவே வந்தது. நில உரிமையாளர் காத்திருந்து களைத்துப் போகக்கூடாது என்பதற்காகப் பிறந்த காலவரம்பு, மீனவரின் மனைவியைக் காக்கவைக்கும் காலவரம்பாக முடிந்தது.

ஏழு ஆண்டு காத்திருந்தாலும் பிரச்சினை தீர்ந்துவிடாது. சிவில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, இறந்தவராகக் கருதலாம் என்று தீர்ப்புப் பெற வேண்டும். அந்தத் தீர்ப்பும் அவர் எந்த நாளில் இறந்தார் என்று சொல்லாது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் 2004இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இறந்துவிட்டார் என்று அனுமானிக்கலாம்; இன்ன நாளில் இறந்தார் என்று அனுமானிக்க முடியாது; நாளைக் கோருபவர் அதை மெய்ப்பிக்க வேண்டும். இதன் விளைவைப் பாருங்கள். காணாமல் போனவரின் பெயரில் பாலிசி இருந்து, இடையில் பிரீமியம் கட்டாமல் விட்டால் அது காலாவதியாகும். சம்பாதிப்பவரை இழந்த குடும்பம்தான் அவர் பெயரில் ஏழு ஆண்டு பிரீமியமும் கட்டிவர வேண்டும்.

3. சரக்குக்கு ஒரு காலம், மாலுமிக்கு ஒரு காலம்

இப்போது சட்டப் புத்தக அலமாரியில் வேறு மூன்று சட்டங்களை எடுத்துப் பார்ப்போம்.

1963ஆம் ஆண்டுக் கடல்வழிக் காப்பீட்டுச் சட்டம். ஒரு கப்பல் காணாமல் போய், நியாயமான காலம் கடந்தும் அதைப் பற்றிச் செய்தி இல்லையென்றால், அது முற்றாக அழிந்ததாக அனுமானிக்கலாம் என்கிறது. ஏழு ஆண்டு என்ற பேச்சே இல்லை. எது நியாயமான காலம் என்பது கப்பல், வழித்தடம், காலநிலை எல்லாவற்றையும் பொறுத்தது. கப்பல் முதலாளி ஏழு ஆண்டு காத்திருந்தால் வணிகம் நின்றுவிடும் என்று சட்டம் வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம். கப்பலோடு தொலைந்த மாலுமியின் சம்பளப் பாக்கியைக் குடும்பம் வசூலிக்க இதில் ஒரு விதி இருந்தது. துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட கப்பலைப் பற்றிப் பன்னிரண்டு மாதம் செய்தி இல்லையென்றால், அதிலிருந்த அனைவரோடும் அது தொலைந்ததாகக் கருதலாம். அதோடு, கடைசியாகச் செய்தி கிடைத்த உடனேயே தொலைந்தது என்றோ, நீதிமன்றத்துக்குச் சரியென்று தோன்றும் பிற்பட்ட நாளில் தொலைந்தது என்றோ நாளையும் குறிக்கலாம். ஏழு ஆண்டு விதி தர மறுக்கும் அந்த நாளை இந்த விதி ஓராண்டில் தந்துவிட்டது.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் இதை ஒட்டியே சென்றது. அனைவரோடும் தொலைந்ததாகக் கருதப்படும் கப்பலின் மாலுமிக்காக, அந்த நாளிலிருந்து பதினெட்டு மாதத்துக்குள் இழப்பீடு கோரலாம் என்றது.

இவற்றில் சில புதிய சட்டங்களுக்கு இடம்விட்டு வருகின்றன. என் வாதத்துக்கு அவற்றின் தர்க்கம் போதும். உடல் இல்லாமலே சாவை ஏற்கலாம், ஓராண்டிலேயே ஏற்கலாம், நாளையும் குறிக்கலாம் என்று இந்தியச் சட்டமே பல பத்தாண்டுகளுக்கு முன்பு முடிவு செய்திருக்கிறது.

பிறகு விசைப்படகுத் தொழிலாளி ஏன் வெளியே நின்றார்? இரண்டு தடைகளைக் காண்கிறேன். ஒன்று, புறப்பாட்டுப் பதிவு. கப்பலில் யார் யார் ஏறினார்கள் என்று பட்டியல் இருக்கும். துறைமுக அதிகாரியிடம் புறப்பட்ட நாள் பதிவாகியிருக்கும். மீன்பிடித் துறைமுகத்தில் டோக்கன் வாங்கும் இடங்களில்கூட, படகின் எண் தெளிவாக இருக்கும் அளவுக்கு ஆட்களின் பெயர் தெளிவாக இருப்பதில்லை. கடைசி நேரத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் வேறொருவர் ஏறிக்கொள்வார். இரண்டு, கூலி முறை. டீசல், ஐஸ், சாப்பாடு போக மிஞ்சியதில் படகுக்கு இத்தனை பங்கு, ஆளுக்கு இத்தனை பங்கு என்பதுதான் வழக்கம். இது கூலி வேலையும் கூட்டுத் தொழிலும் கலந்த ஏற்பாடு. முதலாளி யார், தொழிலாளி யார் என்று கேட்டால் படகு உரிமையாளரே பல வேளைகளில் டிரைவராகவும் இருப்பார். அவரும் திரும்பியிருக்க மாட்டார்.

4. ஒக்கி கற்பித்த பாடம்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கரையை ஒட்டிக் கடந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி, பூத்துறை, இரவிபுத்தன்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். புயல் எச்சரிக்கை வந்தபோது பல படகுகள் கரையிலிருந்து வயர்லெஸ் எட்டாத தொலைவில் இருந்தன.

அடுத்த நாட்களில் நடந்த பெரிய சண்டை எண்ணிக்கை பற்றியது. அரசின் பட்டியல் ஒன்று சொன்னது; பங்குத் தேவாலயங்கள் வீடு வீடாக எடுத்த பட்டியல் வேறொன்று சொன்னது. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். கேரள அரசு 20 லட்சம் ரூபாய் அறிவித்திருந்தது. குறைந்த தொகையில் தொடங்கிய தமிழக அரசு அந்த மாதமே அதை 20 லட்சமாக உயர்த்தி, குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தது. பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சம் வந்தது.

தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. உடல் கிடைக்காத குமரி மீனவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர். அவர்களின் குடும்பங்களை ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்லாமல், தனி ஆணைகள் மூலம் சில மாதங்களிலேயே நிவாரணம் வழங்கப்பட்டது. இது முதல் முறையும் இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு காணாமல் போனவர்களுக்குத் தனி நடைமுறை வகுத்தார்கள். 2013 உத்தராகண்ட் வெள்ளத்துக்குப் பிறகு அது மேலும் தெளிவானது: காவல் துறை வழக்கு, வருவாய் அதிகாரி விசாரணை, பெயர்ப் பட்டியல் வெளியீடு, ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள், அதன்பின் இறப்புச் சான்றிதழ். 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவில் மண்ணோடு போனவர்களையும் கேரள அரசு ஆறு மாதத்துக்குள் இறந்தவர்களாக ஏற்றது.

ஆக, முன்னுதாரணம் போதிய அளவு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அது விதிவிலக்காகவே இருக்கிறது. நூறு பேர் ஒரே இரவில் போனால் ஆணை பிறக்கிறது. பங்குனி மாதத்து நள்ளிரவில், புயலும் இல்லை, செய்தியும் இல்லை, நான்கு பேரோடு ஒரு படகு கவிழ்ந்தால்? அல்லது சரக்குக் கப்பல் ஒன்று இருட்டில் மோதிவிட்டு நிற்காமல் போனால்? அந்த நான்கு பேருக்கும் ஏழு ஆண்டு. ஒரே கடல், ஒரே தொழில், ஒரே சாவு. துணைக்கு எத்தனை பேர் செத்தார்கள் என்பதை வைத்துக் காலம் நிர்ணயமாகிறது.

5. தொகையை எது தீர்மானிக்கிறது?

காலத்தைப் போலவே தொகைக்கும் அளவுகோல் இல்லை. அறிவிக்கப்பட்ட பேரிடராக இருந்தால் பேரிடர் நிவாரண நிதி விதிப்படி ஓர் உயிருக்கு 4 லட்சம். காப்பீட்டில் பெயர் இருந்தால் 5 லட்சம். ஒக்கியில் 20 லட்சம்.

இதன் மறுகோடியில் ஒரு வழக்கு இருக்கிறது. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால் 'செயின்ட் ஆன்டனி' என்ற படகில் இருந்த இரு மீனவர்களை, 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் பாதுகாப்புக்கு நின்ற கடற்படை வீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் குமரி மாவட்டத்து இளைஞர். வழக்கு உள்ளூர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயம் என்று அலைந்தது. 2021 ஜூனில் இத்தாலி செலுத்திய 10 கோடி ரூபாயை ஏற்று உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. இரு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. உயிர் பிழைத்த மற்றவர்கள் தங்களுக்கும் பங்கு உண்டென்று கேட்டு, 2022 நவம்பரில் உரிமையாளரின் தொகையிலிருந்து தலா 5 லட்சம் பெற்றார்கள்.

ஒரு மீனவர் உயிரின் மதிப்பு 4 லட்சமாகவும் இருக்கலாம், 4 கோடியாகவும் இருக்கலாம். கொன்றது யார், பார்த்தது யார், எத்தனை நாடுகளின் மானம் அதில் சிக்கியிருந்தது என்பவை தொகையைத் தீர்மானித்தன. அவர் எவ்வளவு சம்பாதித்தார், எத்தனை வாய்களுக்குச் சோறு போட்டார் என்ற கேள்வி இதில் எங்குமே வரவில்லை. சாலை விபத்தில் இறந்தவருக்குத் தீர்ப்பாயம் வயது, வருமானம், சார்ந்திருப்போர் எல்லாம் பார்த்துக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கைக் கோர அவர் குடும்பத்துக்கு உரிமை உண்டு. கடலில் போனவரின் குடும்பத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது அறிவிப்பு. அறிவிப்பை எதிர்பார்க்கலாம், மேல்முறையீடு செய்ய முடியாது.

6. பணத்தை வாங்கினால் சாவை ஒப்புக்கொண்டதாகுமா?

விரைவில் சான்றிதழ் கொடுங்கள் என்பதுதான் இதுவரை என் வாதம். அதற்கு எதிரான வலுவான குரல் சட்ட அறிஞர்களிடமிருந்து வரவில்லை, குடும்பங்களிடமிருந்து வருகிறது. "நான் கையெழுத்துப் போட்டால் நானே அவரைக் கொன்றதாக ஆகாதா?" என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்பது ஒரு சான்றிதழால் தீர்மானமாகும் விஷயம் இல்லை.

இலங்கை இந்தக் கேள்வியை நம்மைவிட ஆழமாகச் சந்தித்திருக்கிறது. போருக்குப் பிறகு, ஓராண்டுக்கு மேல் காணாமல் போனவர்களுக்கு இறப்பைப் பதிவு செய்யும் தற்காலிகச் சட்டம் 2010இல் அங்கே வந்தது. பிள்ளைகளையும் கணவர்களையும் தேடிக்கொண்டிருந்த தமிழ்த் தாய்மார் பலர் அந்தச் சான்றிதழை வாங்க மறுத்தார்கள். உண்மையைச் சொல்லாமல் சாவை எழுதித் தருகிறீர்கள் என்றார்கள். 2016இல் சட்டத்தைத் திருத்தி, காணக்கிடைக்காமைச் சான்றிதழ் என்ற புதிய ஆவணத்தைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் இறந்தார் என்று அது சொல்லாது. அவர் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும். அதை வைத்துக் குடும்பம் அரசு உதவி பெறலாம், சொத்து நிர்வாகத்துக்கு வழி தேடலாம். உண்மை வேண்டும் என்று போராடும் தாய்மாரின் கோரிக்கையை அது தீர்த்துவைக்கவில்லை, தீர்க்கவும் முடியாது. ஆனால் வாழ்வதற்கான உதவியையும் சாவை ஏற்பதையும் அது தனித்தனியாகப் பிரித்தது. அந்தப் பிரிப்பு நமக்கும் வேண்டும்.

7. என்ன செய்யலாம்?

இதுவரை சொன்னவற்றிலிருந்து நான்கு முன்மொழிவுகள்.

முதலாவது, காணாமல் போன முப்பதாம் நாள், தேடுதல் அறிக்கையின் அடிப்படையில், இலங்கையின் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் போன்ற ஓர் இடைக்காலச் சான்றிதழ். அது கையில் வந்த நாள் முதல், சிறைப்பட்ட மீனவர் குடும்பத்துக்குத் தரும் அதே தினசரி உதவித்தொகை. படகுக் கடனுக்கு வட்டி நிறுத்தம். பாலிசி காலாவதியாகாமல் பாதுகாப்பு. இல்லாத ஒவ்வொரு நாளும் இழப்புதான் என்ற அளவுகோலை அரசு ஏற்கெனவே ஏற்றுக்கொண்டது. அதை நீட்டச் சொல்கிறேன், அவ்வளவே.

இரண்டாவது, 2013இல் வகுத்த நடைமுறையைப் பேரிடர் அறிவிப்போடு கட்டிப்போடாமல் நிலையான விதியாக்க வேண்டும். கடலில் காணாமல் போனவர் எவராயினும், எத்தனை பேராயினும், குடும்பம் விரும்பும்போது, ஓராண்டுக்குள் இறப்புச் சான்றிதழ். அதில் கடைசியாகச் செய்தி கிடைத்த நாள் இறப்பு நாளாக. கப்பல் மாலுமிக்குக் கிடைத்த ஓராண்டு படகுத் தொழிலாளிக்கும் கிடைக்கட்டும்.

மூன்றாவது, புறப்பாட்டுப் பதிவு. படகுகளில் டிரான்ஸ்பாண்டர் கருவி பொருத்தும் தேசியத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஒரு லட்சம் படகுகள், 364 கோடி ரூபாய். எல்லை தாண்டுவதைக் கண்காணிக்கவும் அவசர உதவிக்கும் அது பயன்படும் என்கிறார்கள். அந்தக் கருவி அனுப்பிய கடைசி இருப்பிடமும் நேரமும் குடும்பத்தின் கோரிக்கைக்குச் சாட்சியமாக ஏற்கப்பட வேண்டும். மீனவரைப் பிடிக்க உதவும் பதிவு, மீனவர் குடும்பத்துக்கும் உதவ வேண்டும்.

நான்காவது, அந்தப் புறப்பாட்டுப் பதிவில் மீனவர் நல வாரிய அட்டை வைத்திருப்பவர் மட்டுமின்றிப் படகில் ஏறும் ஒவ்வொருவரும் இருக்க வேண்டும். குமரிப் படகுகளில் வடமாநிலத்து இளைஞர்களும் வேலை செய்கிறார்கள். நாளை வெள்ளிமலையிலிருந்தோ சங்கராபுரத்திலிருந்தோ ஓர் இளைஞன் நல்ல கூலி என்று கொச்சியில் படகேறலாம். அவன் பெயர் எந்த மீனவர் பட்டியலிலும் இருக்காது. அவன் திரும்பாவிட்டால், கடலைப் பார்த்தேயிராத அவன் தாய் எந்த ஊர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பாள்?

'ஒருவேளை அவர் திரும்பி வந்துவிட்டால்?' என்று நிதித் துறை கேட்கும். கேட்கட்டும். வந்தால் சான்றிதழ் ரத்தாகும், தொகையைத் திருப்பித் தருவதாக உறுதிப் பத்திரம் வாங்கிக்கொள்ளலாம். ஓராண்டுக்குப் பிறகு கரை திரும்புவோர் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த அரிய மகிழ்ச்சிக்காக அரசுக்குச் சில லட்சம் நட்டம் வந்தால் வரட்டும். இப்போதுள்ள முறையில் அரசுக்கு எந்த நட்டமும் இல்லை. நட்டம் முழுவதையும் கரையில் நிற்பவர்கள் சுமக்கிறார்கள்.

இங்கே சட்டம் படிக்கும் மாணவர்கள் இருக்கிறீர்கள். இழப்பீட்டுச் செய்தி எங்கே வந்தாலும் தொகையைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். அந்தக் குடும்பம் எத்தனை நாள் காத்திருந்தது, யாருடைய கையெழுத்துக்காகக் காத்திருந்தது, அந்தக் காத்திருப்பை எந்தச் சட்டம் விதித்தது என்று கேளுங்கள். ஏழு ஆண்டு என்பது இயற்கை விதி இல்லை. மனிதர்கள் ஒரு காலத்து வசதிக்காக எழுதிய எண். இக்காலத்து நியாயத்துக்காக அதைத் திருத்தி எழுதவும் மனிதர்களால் முடியும்.